காரணம்: இதர

நாகலூர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே
படிவத்தின் ஒரு மூலை நனைந்துவிட்டது.
பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு.
பக்கத்துப் பள்ளி எல்லையில்
எனக்கு ஒதுக்கியது பதினோரு வீடு.
பத்து வீடு எளிது:
செங்கல் சூளை, காப்பி பறிப்பு,
தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை,
ஒரு நிச்சயதார்த்தம்.
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.

பதினோராவது வீட்டில்
செலின் மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தாள்.
"அமலி வீட்லதான் படிக்குது டீச்சர்."
வறுமையா? இல்லை.
உடல்நலமா? இல்லை.
இடம்பெயர்வா?
"இந்த மலைய விட்டு எங்க போக?"
யாராவது அடித்தார்களா என்றேன்,
படிவத்தில் இல்லாத கேள்வி.
"இல்ல. மூணு வருஷம் போனா.
என்ன நடந்துச்சுன்னு கேட்டா
ஜன்னல் பக்கம் உக்காந்தேன்னு மட்டும் சொல்லுவா."

சட்டம் சொன்னேன். ஆறு முதல் பதினான்கு வரை.
சொல்லச் சொல்ல என் குரல்
சுற்றறிக்கையின் குரலானது.
என் மகன் ராசிபுரத்தில்
தனியார் விடுதியில் இருப்பதை யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அமலி ஏழாம் வாய்ப்பாட்டில்
ஏழெட்டில் நின்றுவிட்டாள்.
எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம்.

பிறகு ஒரு நோட்டை எடுத்து வந்தாள்.
கழுத்தறுத்த தண்ணீர் பாட்டில்,
அதில் ஒட்டிய ஸ்கேல்,
பதினான்கு மாத மழை.
முதல் மாதம் சில்வர் ஓக் அடியில் வைத்தாளாம்.
இலையே பாதி மழையைக் குடித்துவிட்டதாம்.
அந்த மாதம் முழுக்க ஒரே கோட்டில் அடித்திருந்தது.
அப்புறம் கூரைமேல்.
தேதி, மில்லிமீட்டர், தேதி, மில்லிமீட்டர்,
நடுநடுவே ஒரு சொல்: பாக்கல.

"இது என்ன?"
"அன்னைக்குத் தூங்கிட்டேன்.
சும்மா விட்டா மழையே பெய்யலன்னு ஆயிடும்ல?"

என் வகுப்புப் பதிவேட்டில் முப்பத்திரண்டு பெயர்.
ஆய்வு வரும் வாரம் எல்லோரும் வந்திருப்பார்கள்,
பெற்றோரோடு கர்நாடகா போய்விட்ட மாதேசன் உட்பட.
ஓரிடத்திலும் நான்
பாக்கல என்று எழுதியதில்லை.

செலின் வரக்காப்பி கொடுத்தாள், சீனி கூடுதல்.
"நான் செய்யறது தப்பா டீச்சர்?
ராத்திரியில எனக்கே பயமாயிருக்கு.
நாளைக்கு அவளே கேப்பால்ல?"
தெரியாது என்பதற்கும் எண் இல்லை.

கடைசி பஸ் ஹாரன் அடித்தது.
காரணம்: இதர, என்று எழுதினேன்.
பக்கத்தில் 'விவரிக்கவும்',
அரை அங்குலக் கோடு.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
அடிவாரம் தாண்டி, கோரிமேட்டில் மழை.
எல்லோரும் ஷட்டரை இறக்கினார்கள்.
நானும்.