ஏழாவது கேள்வி

மத்தராமிலிருந்து வந்த ஆய்வாளர்
நாற்பது தாள்களை என் மேசையில் வைத்துவிட்டு
மழைக்கு முன்பே மலையிறங்கிவிட்டார்.
மாணவருக்கு ஒரே கேள்வி:
எதற்காகப் பள்ளிக்கு வருகிறாய்?
எனக்குப் பன்னிரண்டு.
ஏழாவது இப்படி இருந்தது:
உங்களை ஆசிரியராக நீங்கள் உணர்வது
எப்போதும், சில வேளை, அரிதாக.

ரிஞ்சானியின் சாம்பல் மண்ணில் நிற்கிறது எங்கள் மதரஸா.
இந்தத் தீவிலும் குரு என்றுதான் சொல்கிறார்கள்,
எந்தக் கப்பலில் வந்து இறங்கிய சொல்லோ.
துவான் குரு என்றால் ஊரே எழுந்து நிற்கும்.
அவர் ஓதி ஊதிய தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் போவார்கள்.
பூ குரு என்றால் நான்.
வேதியியல்.
சம்பளம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை,
மறந்தால் நான்கு.
மாலையில் செல்பேசிக்கு ரீசார்ஜ் விற்கிறேன்.
மலேசியாவில் செம்பனைக் குலை வெட்டும் கணவனோடு பேச
என் மாணவர்களின் தாய்மார்
என்னிடம்தான் பத்தாயிரம் ரூப்பியாவுக்குப் போடுவார்கள்.
அங்கே நான் குரு இல்லை:
முர்தியா, சீக்கிரம், அவருக்கு வேலைக்கு நேரமாச்சு.

ஆகவே ஏழாவதை விட்டுவிட்டு
மாணவர் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன்.
திருத்த ஒன்றுமில்லை. சிவப்பு மை, கைப்பழக்கம்.

அல்லாஹ்வுக்காக என்று பதினெட்டுப் பேர்,
அதில் பதினொருவர் ஒரே எழுத்துப்பிழையோடு.
வீட்டில் தம்பி அழுதுகொண்டே இருக்கிறான் என்று ஹில்வானி.
நிலநடுக்கத்துக்குப் பின் ஒழுகாத கூரை இது ஒன்றுதான் என்று ஒருத்தி.
மதியச் சோறு, ஆனால் காரம் போதாது என்று ஒருவன்.
சபாரியின் தாளில் எழுத்தே இல்லை.
எழுதி அழித்து, எழுதி அழித்து,
நடுவில் ஓர் ஓட்டை.
அதன் வழியே என் மேசையின் மரம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை
அமிலம் வாங்கக் காசில்லை.
வேலியிலிருந்து சங்குப்பூ பறித்து வெந்நீரில் போட்டோம்.
நீலம்.
எலுமிச்சை பிழிந்ததும் கத்தரிப்பூ நிறம்.
சோப்புத் தண்ணீர் விட்டதும் பச்சை.
முன்வரிசை ஓவென்றது. பின்வரிசை தூங்கியது.
ஆண்டு முழுக்க ஜன்னலைப் பார்த்தே இருந்த சபாரி
ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்:
நாம் ஒளு செய்கிற தண்ணீர் என்ன நிறமாகும்?

தெரியாது என்றேன்.
உண்மையாகவே தெரியாது.
அதை அவன் அனுமதி என்று எடுத்துக்கொண்டான் போலும்,
கோப்பையோடு ஓடினான்,
பின்னால் வகுப்பு,
பின்னால் நான், செருப்பில்லாமல்.

ஹவுளின் விளிம்பில் துவான் குரு
முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்தார்.
சபாரி ஒரு கை நீரை அள்ளிக் கோப்பையில் விட்டான்.
நீலத்தில் மெல்லப் பாசி நிறம் ஏறியது.
காரம்! என்று கத்தினான். லேசாகக் காரம்!

தாடியில் நீர் சொட்டத் திரும்பினார் அவர்.
பிக்ஹு வகுப்பின் குரல்:
நிறம் மாறிய தண்ணீரில் ஒளு கூடுமா?
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் சபாரியைப் பார்த்தேன்.
அவன் கோப்பையைப் பார்த்தான்.
மாறினது இதுக்குள்ளேதானே, துவான் குரு.
ஹவுள் அப்படியேதான் இருக்கு.

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை,
லுஹருக்குப் பாங்கு தொடங்கிவிட்டது.
என் வெறுங்காலைப் பார்த்து
கல் குத்தும் என்று மட்டும் சொல்லிப் போனார்.

மறுநாள் சபாரி வரவில்லை.
அதற்கு மறுநாளும்.
புகையிலைச் சூளைக்கு விறகு தள்ள ஆள் போதவில்லையாம்.
சனிக்கிழமை வந்தான்
தலைமயிரில் புகையோடு,
மூன்று கிணற்றுத் தண்ணீர் மூன்று புட்டிகளில்.
ஒன்றில் ஒரு தலைப்பிரட்டை நீந்தியது.
அதற்கும் பெயர் எழுதி ஒட்டியிருந்தான்.

தாள்களை அனுப்பி ஒரு வாரம் கழித்து
ஆய்வாளர் அழைத்தார்:
ஏழாவதில் முழுக்க ஏதோ நீலக் கறை, அம்மா,
எந்தக் கட்டத்தைக் குறித்தீர்கள் என்றே தெரியவில்லை.

கடையில் வரிசை நின்றது.
யாருக்கோ பத்தாயிரம் போட்டுக்கொண்டே
சங்குப்பூ என்றேன்.