இரும்பு முனைக் கோல்

ஆயரின் கோலைச் சுமப்பது என் வேலை.
வெள்ளிப் பூண். உச்சியில் இரண்டு பாம்புகள்
நடுவே ஒரு சின்னச் சிலுவையை முறைத்துக்கொண்டிருக்கும்.
விமானத்தில் அதை மடியில் கிடத்தி
கம்பளி போர்த்திக் கொண்டுவந்தேன்.
கீழே குஸ்கோக்விம் ஆறு
மார்ச் மாதத்து வெள்ளையில்
எது கரை எது தண்ணீர் என்று காட்டாமல் கிடந்தது.

அன்று மன்னிப்பு ஞாயிறு. விடிந்தால் நோன்பு.
வெண்ணெய் தீர்ந்த வீடுகளிலிருந்து
நாற்பத்தொரு பேர் வந்திருந்தார்கள்.
எண்ணுவது என் கெட்ட பழக்கம்.
மண்ணெண்ணெய் அடுப்பு. ஈர ரோமத்தின் வாடை.
யார் சட்டைப்பையிலோ காய்ந்த சால்மன்.

சடங்கு எளிது: பெரியவர் முதலில் விழ வேண்டும்.
ஆயர் பார்தெனி மகுடத்தைக் கழற்றித் தந்தார்,
கோலைத் தந்தார்,
முதலில் நின்ற ஏழு வயதுப் பையன் முன்
நெற்றி பலகையில் படும்படி விழுந்தார்.
"பாவி நான். மன்னித்துவிடு."
பையன் சிரித்துவிட்டான். பிறகுதான் ஞாபகம் வந்தது அவனுக்கு:
"கடவுள் மன்னிக்கிறார், நானும் மன்னிக்கிறேன்."
அவனும் விழுந்தான். எழுந்தார்கள். தழுவினார்கள்.
அடுத்தவர்.
ஒவ்வொரு முறையும் அவர் முழங்கால்கள்
சுள்ளி முறிகிற மாதிரி சத்தமிட்டன.

பதினெட்டாவது ஆள் அகாஃபியா.

போன இலையுதிர்காலத்தில் அவளுக்கு ஒரு கடிதம் அனுப்பினோம்.
அவர் எழுதினார், முத்திரை குத்தியது நான்.
தன் கையால் செத்த எவோனுக்குக்
கோயில் மணி இல்லை, வேலிக்குள் இடமில்லை.
விதி சரியாகத்தான் இருந்தது. பக்க எண்ணும் கொடுத்திருந்தோம்.
எழுதுகோலுக்குக் குளிர் தெரியாது.
பத்தொன்பது வயது. அவள் தம்பி.

"மன்னித்துவிடு."
"கடவுள் மன்னிக்கிறார்," என்றாள் அகாஃபியா.
அத்தோடு நின்றது.

மீதிப் பாதி வரவில்லை.
பின்னால் இருபத்து மூன்று பேர்.
அடுப்பு இருமியது.
ஆயர் எழவில்லை.
கட்டவும் அவிழ்க்கவும் திறவுகோல் உண்டு என்று
எங்களுக்குப் பாடம் சொல்லியிருந்தார்கள்;
தரையில் கிடந்தவரிடம்
எந்தச் சாவியும் இருப்பதாகத் தெரியவில்லை.
ஓடிப்போய்த் தூக்கலாமா என்று நினைத்தேன்.
என் இரண்டு கையிலும் அவருடைய பெருமை இருந்தது.

கடைசியில் அவளே குனிந்தாள்.
அங்கியின் தோளைப் பிடித்து
மாவு மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி நிறுத்தினாள்.
"காலையில் வாருங்கள். அக்கரையில் இருக்கிறான்."

காலையில் ஆற்றோரம் ஆயர் கையை நீட்ட
வெள்ளிக் கோலைக் கொடுத்தேன்.
அகாஃபியா பார்த்தாள்.
"அது பனி பார்க்காது."
திருப்பித் தந்துவிட்டார், ஒன்றும் சொல்லாமல்.

அவளுடையது ஊசியிலை மரக் கழி,
முனையில் கூர் தீட்டிய இரும்பு.
இரண்டடிக்கு ஒருமுறை குத்துவாள்.
ணங் என்றால் நடப்பாள்.
தொப் என்றால் நிற்பாள், யோசிப்பாள், விலகுவாள்.
"என் அடியில் அடி வையுங்கள்."
முப்பது கோயில்களுக்கு ஆயர்
அவள் அடியில் அடி வைத்தார்.
வேறு நல்ல வழி இருந்திருக்க வேண்டும்,
வளைவுக்கு அந்தப் பக்கம் ஸ்னோமொபைல் தடங்களைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார். கேட்கவில்லை.

நடு ஆற்றில் சத்தம் மாறியது.
கழியைப் படுக்கையாகத் திருப்பி
மறுமுனையை அவரிடம் நீட்டினாள்.
இருவர் பாரத்தில்
ஒருவர் விழுந்தால் மற்றவர் இழுக்கலாம்,
அல்லது இருவரும் போகலாம்.
எனக்குக் கீழே நீரின் முனகல் கேட்டது.

படகுப் பலகையில் அறைந்த சிலுவை.
பனியை அவர் வெறுங்கையால் ஒதுக்கினார்,
மறுத்த ஜெபத்தை முதல் வரியிலிருந்து தொடங்கினார்.
நடுவில் குரல் போனது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

மீதிப் பாதியைச் சொன்னாளா என்று கேட்கிறார்கள்.
காற்று. எனக்குக் கேட்கவில்லை.
திரும்பும்போதும் அவள்தான் முன்னால்.