கோடைக்கு ஒரு பக்கம்

ஏப்ரல் கடைசியில் நலப்பணித் திட்ட அறையைப் பூட்டி
சாவியை என் கையில் வைத்துவிட்டு
மகள் பிரசவத்துக்குக் கரூர் போனார் திட்ட அலுவலர்.
"இனி ஜூன்லதான் அலகு" என்றார்.
உள்ளே நாற்பத்தெட்டுத் தொப்பி, இரண்டு கடப்பாரை,
மரம் நட்ட நாளின் பேனர்,
வேதியியல் ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கிய
பேனா நீள உப்புமானி.

உப்புமானியை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வருடமாய்ச் சனிக்கிழமைதோறும்
பன்னிரண்டு கிணற்றில் உப்பு அளக்கிறோம்.
நம்புதாளையில் நான்கு, சோளியக்குடியில் மூன்று,
புதுப்பட்டினத்தில் ஐந்து.
பதிவேட்டைப் புரட்டினால்
மார்ச் முடிய வரிசையாய் எண்கள்
அப்புறம் ஜூலை வரை வெள்ளைத்தாள்.
முந்தைய வருடமும் அப்படியே.
கோடை இல்லாத பதிவேட்டில்
எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான்.

குழுவில் போட்டேன்:
சனி காலை ஆறு மணி, சோளியக்குடி ஜெட்டி.
நாற்பத்தேழு பேர் பார்த்தார்கள்.
ஒரே ஒரு கட்டைவிரல்,
அதுவும் கார்மேகத்தின் தம்பி போனை நோண்டியதில் விழுந்தது.

வந்தது சம்சுல் ஆசியா மட்டும்.
அவளும் எட்டு மணிக்குள் வீட்டில் இருக்கவேண்டும்,
மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.
"கெணத்துல எட்டிப் பாத்தேன்னு சொல்லிராத" என்று சிரித்தாள்.

தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன.
எங்கும் போகாத ஒரு படகில்
எஞ்சின் மட்டும் கால்மணி நேரம் ஓடி
கரும்புகை துப்பி நின்றது.
ஓட்டி வைக்காவிட்டால் இறுகிவிடும்.
உள்ளிருந்து தலை நீட்டினான் ரீகன்,
எங்கள் துணைத் தலைவன், முழங்கை வரை ஆயில்.
"நா வரல. வேல கெடக்கு."
நாங்கள் திரும்பி நடந்த பிறகு
தோளில் வந்து விழுந்தது ஒரு கயிறு.
"உங்க வாளிக்கயிறு எட்டாது. தண்ணி இப்ப கீழ கெடக்கும்."

எட்டியது. ஆயிரத்து எண்ணூறு.
மறுவாரம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
மூன்றாம் கிணற்றடியில் குடத்தோடு நின்ற அக்கா
மானியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நாக்குக்குத் தெரிஞ்சத எழுதுறதுக்கு ஒரு மிசினா?
சரி எழுது.
லாரித் தண்ணி கொடம் பதினஞ்சு ரூவா, அதையும் எழுது."
ஸ்கேல் வைத்துப் புதுக் கட்டம் ஒன்று கிழித்தேன்.

திருப்பூரில் இரண்டு மாதம் பனியன் மடிக்கப் போன தவமணி
இரவு ஒன்றரைக்குக் கேட்டான்:
எங்க தெருக் கெணறு எவ்வளவு?
மூவாயிரத்து அறுநூறு.
நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.
அடுத்த சனிக்கிழமை அந்தக் கிணற்றில்
அவன் அம்மா ஒரு வாளி இறைத்துவைத்துக் காத்திருந்தார்.
வருகைப் பதிவில் தவமணிக்கு நேரே
என்ன போடுவதென்று தெரியாமல்
ஒரு புள்ளி வைத்தேன்.

மே இருபத்திநாலு காலி.
எனக்குக் காய்ச்சல், ஆசியாவுக்கு நிச்சயம்.
முன்வாரத்தையும் பின்வாரத்தையும் கூட்டி
பாதியை எழுதியிருக்கலாம்.
பேனாவை எடுத்து, மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் பதினாலு காலை நாலு பேர் ஆனோம்.
கார்மேகம் தம்பியையும் கூட்டிவந்தான்,
கட்டைவிரல் காட்டியவன் ஆயிற்றே.
அன்றிரவு பன்னிரண்டு மணிக்கு
ஜெட்டியில் எல்லா எஞ்சினும் ஒன்றாய்க் கத்தின,
எங்கள் வீட்டுத் தகரம் வரை அதிர்ந்தது.

திங்கட்கிழமை அறையைத் திறந்து
தொப்பிகளின் மேல் தூசி தட்டினோம்.
ரீகன் கடலில் இருக்கிறான்.
அவன் கயிறு இன்னும் என் சைக்கிள் கேரியரில்,
நுனியில் வெள்ளையாய் உப்பு பூத்து.