பழைய நாய்

தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள்
மண்டபம் கால்நடை மருந்தகத்துக்கு
ஐஸ் பெட்டி மூடியில் படுக்கவைத்துப்
பாரையைக் கொண்டுவந்தான் ரெமிஜியூஸ்.
"எங்கே?" என்றேன்.
"கீழ," என்றான்,
காலண்டரில் நிற்கும் ஜெர்சி மாட்டைப் பார்த்தபடி.
"ரெண்டு மாசமா சொட்டுது டாக்டர்.
சூடுன்னு நெனச்சு எளநி குடுத்தோம்."

வடக்குக் கரையில் ஐந்து படகுக்குப் பொதுவான நாய்.
வாலைத் தூக்கினேன்.
காலிஃபிளவர் போல என்று பாடப்புத்தகம் சொல்லும்.
எனக்கு அது
அலை ஒதுக்கிய பவளப்பாறைத் துண்டு,
தொட்டால் உதிர்ந்து ரத்தம் கசிகிறது.

கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்தேன்.
சாயம் ஊற்றி, காற்றில் காட்டி,
கரண்ட் வரும்வரை காத்திருந்து
லென்ஸில் குனிந்தால்
வட்ட வட்டமாய்ச் செல்கள்.
ஒவ்வொன்றுக்குள்ளும்
வளைவாயில் நண்டு விடும் நுரைபோலக் குமிழிகள்.

இது பாரையின் உடம்பில் பிறந்ததல்ல.
பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்
எங்கோ ஒரு நாய்க்குக் கட்டி வந்தது.
நாய் செத்தது. கட்டி சாகவில்லை.
கூடும்போதெல்லாம் நாய்விட்டு நாய் தாவி,
வண்டிக்குப் பின்னால் ஓடி, கப்பலேறி,
இந்த ஐஸ் பெட்டி மூடிவரை வந்திருக்கிறது.
என்ன நிறமோ, யார் சோறு போட்டார்களோ,
காது மடிந்திருந்ததோ நிமிர்ந்திருந்ததோ.
சாக மறந்த ஒரு நாயை
ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எப்படிச் சொல்ல அவனிடம்?
"புற்று," என்றேன். "ஆனா மருந்துக்குக் கேக்குற புற்று.
செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரு ஊசி.
ஆறு வரைக்கும் ஆகலாம்."
"கடல் மூடித்தானே கெடக்கு,
வர்றேன்."

மருந்தகச் சுவரோரம்
யாரும் நடாமல், நீரூற்றாமல்
ஆடுகூட மோந்துவிட்டு விலகுகிற நித்தியகல்யாணி.
சுடுகாட்டுப் பூ என்பார்கள் இங்கே.
அதன் சத்தைத்தான் எந்தத் தொழிற்சாலையோ வடித்து,
குப்பியில் அடைத்து, விலை ஒட்டி
மதுரையிலிருந்து ஐஸ் வைத்துப் பஸ்ஸில் அனுப்புகிறார்கள்.
செடிக்கும் ஊசிக்கும் நடுவே பதினைந்தடி.
வழிதான் சுற்று.

அரை மில்லியை எட்டாத மருந்து.
நரம்பு தவறினால் சதை அழுகும்.
முன்காலைப் பிடித்துக்கொண்டான் ரெமிஜியூஸ்,
வலை முடிச்சுப் பழகிய கை, அசையவில்லை.
என் கைதான் கொஞ்சம்.

இரண்டாம் வாரம் வாந்தி.
மூன்றாம் வாரம் வெள்ளையணு இறங்கிவிட்டது,
ஊசி போடாமல் திருப்பி அனுப்பினேன்.
"ஆட்டோவுக்கு முந்நூறு ரூபா," என்று கத்திவிட்டுப் போனான்.
அடுத்த செவ்வாய் நான் பூட்டைத் திறக்கும்முன்
படியில் உட்கார்ந்திருந்தார்கள் இருவரும்.

பிறகொரு நாள்
பீடிக்கட்டுத் தாளை மடித்து நீட்டினான்.
உள்ளே பாரையின் மீசைமுடி, மூன்று.
"உதிர்ந்துருச்சு. திரும்ப வருமா?"
வரும் என்றேன்.
மீன்பிடி டோக்கனைப் போல
பத்திரமாய்ச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

படகுகளுக்குப் பெயிண்ட் அடித்து முடிந்த வாரம்
கடைசித் தகடு.
சிவப்பணுக்கள், கொஞ்சம் தூசி.
வேறு யாரும் இல்லை.
இருந்தும் ஏன் அவ்வளவு நேரம் குனிந்தே இருந்தேனோ.
அத்தனை தூரம் வந்தது
ஒரு வேலிப்பூவிடம் நின்றுவிட்டது,
இந்த ஓர் உடம்பில் மட்டும்.
பாரை பொறுமையிழந்து
கதவை நகத்தால் பிராண்டினாள்.

முதல் தகடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
தேதி எழுதினேன்.
பெயருக்கான கட்டத்தில் 'பா' என்று தொடங்கி
பேனாவை எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை உச்சிப்புளியிலிருந்து ஒரு போன்.
கூச்சத்தோடு ஒரு பெண்குரல்:
"எங்க நாய்க்கு, டாக்டர்,
கீழ..."