எந்த நாட்டு நாற்பத்திரண்டு

எர்வினின் கிட்டாரில்
கழுத்துப் பக்கத்து பிக்கப் ஊமையாகி மூன்று கிழமை.
மூடியைக் கழற்றிப் பார்த்தேன்.
சுருளின் ஓரத்தில் கடுகளவு பச்சை.
கல்கிசை மண்டபங்களில், கலியாணத்துக்குக் கலியாணம்,
கடற்காற்றும் அவனது வியர்வையும்
பங்குபோட்டுத் தின்ற இடம்.

புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு.
"நாற்பத்திரண்டு இருக்கா நானா?"
மோட்டார் ஒன்றின் வயிற்றுக்குள்ளிருந்து
தலையை எடுக்காமலே கேட்டார் ஸப்ரி நானா:
"எந்த நாட்டு நாற்பத்திரண்டு?"

அந்த மாதிரிக் கேள்விக்கு
அடையாள அட்டை எடுத்துப் பழகிய கை
பைக்குள் போய்
வெறுமனே திரும்பி வந்தது.

அவர் கேட்டது கம்பியை.
அமெரிக்கன் நாற்பத்திரண்டு, தலைமயிர்.
வெள்ளைக்காரன் விட்டுப்போன நாற்பத்திரண்டோ
அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே தடிப்பு;
ஃபேனுக்கு ஆகும், கிட்டாருக்கு ஆகாது.
ஒரே இலக்கத்தில் இரண்டு பேர்.
"பிரிட்டிஷ் நாற்பத்தாறு தாறன், கிட்டத்தட்ட வரும்.
கிட்டத்தட்ட என்டா போதுமா?"

தெரியாது.
தெரியாததால்தான் செட்டியார் தெருவால் திரும்பினேன்.
நகைக் கடையில் மைக்ரோமீற்றர் வைத்திருக்கிற கபிலன்
"தங்கமா?" என்றான்.
செம்பு என்றதும் சிரித்தான்,
ஆனாலும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் அளந்தான்.
பூச்சோடு எழுபத்தொரு மைக்ரோன்.
இதில் பூச்சு எவ்வளவு, செம்பு எவ்வளவு?
மைக்ரோமீற்றர் சட்டையோடுதான் ஆளை அளக்கும்.

உள்ளே இருப்பதை ஓமில்தான் கேட்க வேண்டும்.

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
என் கதவுக் கைபிடியிலிருந்து லிஃப்ட் வரை
பத்து மீற்றர், சரியாக.
நுனியை லைட்டரில் காட்டினேன்,
சிவந்த பூச்சு சுருங்கி, இனிப்பாய் நாறி,
சோல்டர் பிடித்தது.
நல்லது, இது தானாக உருகுகிற வகை,
சுரண்டத் தேவையில்லை;
சுரண்டினால் இந்தத் தடிப்பில் மிஞ்சாது ஒன்றும்.

முதல்முறை இழுத்துக் கட்டி
மீற்றரை எடுக்கத் திரும்பினேன்.
லிஃப்ட் திறந்தது.
மிஸிஸ் வீரக்கோன், கையில் கீரைக்கட்டு, கக்கத்தில் குடை,
"ஆ, வேலையா?" என்று சிங்களத்தில் கேட்டபடி
நடுவால் நடந்து போனார்.
அறுந்த சத்தம் கேட்கவில்லை.
அவருக்கு எதுவும் தட்டுப்படவில்லை.
நானும் "ஓவ்" என்றேன்.

இரண்டாம்முறை
அறுபத்தொன்று புள்ளி ஆறு.
அட்டவணையில் ஐம்பத்தொன்பது.
கள்ளக் கம்பியோ என்று ஒருகணம் நானாவைச் சந்தேகித்தேன்,
பிறகு அடிக்குறிப்பைப் படித்தேன்:
இருபது பாகை வெப்பநிலையில்.
கொழும்பு எந்த நாளில் இருபது பாகையில் இருந்தது?
சுவரில் முப்பத்தொன்று.
சூட்டைக் கழித்தேன்,
கம்பி உண்மை சொல்லியிருந்தது,
நானாவும்தான்.

அமெரிக்கனைவிட மெல்லிசு, மயிரிழை அல்ல,
மயிரிழையில் முப்பதில் ஒன்று.
அதே சுற்று சுற்றினால் ஓம் கூடும்.
ஓமைப் பிடித்தால் சுற்றுக் குறையும்.
எர்வினிடம் போனில் கேட்டேன், எது வேண்டும் என்று.
"பைலாவுக்கு வெட்டவேணும், சேர்ச்சில கொஞ்சம் அடங்கவேணும்"
என்றான்.
அதற்கு அட்டவணை இல்லை.

ஏழாயிரத்து நானூறு என்று முடிவுசெய்தேன்.
தையல் மெஷின் மோட்டார், விரலிடையில் ஒரு துண்டு ஃபெல்ட்,
காலி ரோட்டில் பஸ் பிரேக் பிடிக்கும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
இரண்டாயிரத்துப் பதினாறில் ஒருதரம் அறுந்தது.
ஒட்டினேன். அதைப் பற்றி எர்வினுக்குச் சொல்லப்போவதில்லை.

காலையில் லிஃப்டில் மிஸிஸ் வீரக்கோன்.
மழை வரும் போல என்றார்.
அவரது குடையின் கம்பிகளுக்குள் சிக்கி,
பிடியைச் சுற்றி,
சேலைக் கொசுவத்தின் பின்னால் மிதந்து,
வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் சிவந்து
என் கம்பி.

நாலு மீற்றர் இருக்கும்.
இருபத்தைந்து ஓம், இந்தச் சூட்டில்.