சாணி ரசீது

அரவை முடிய ஆறு நாள் இருக்கையில்
யார்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.
யாரோ பார்வையிட வருகிறாராம்.
தாளில் அதன் பெயர் பிரஸ்மட்.
எங்கள் வாயில் வெறும் மண்டி.
மழைக்காலம் வரை போட வேண்டியதை
இரண்டே ஷிப்டில் தொட்டிக்குள் தள்ளினோம்.
பின்னாலேயே
மொலாசஸ் டாங்கி கழுவிய தண்ணீர்.

தொட்டிக்கு வாய் வைத்துக் கட்டியவர்கள்
போதும் என்று சொல்ல
எதுவும் வைக்கவில்லை.

மூன்றாம் நாள்
லேப் கதவில் சாய்ந்து நின்று
ஹேமாவதி காகிதத் துண்டைக் காட்டினாள்.
ஏழில் நிற்க வேண்டியது
ஐந்தரைக்கு இறங்கியிருந்தது.
"புளிச்சிடுச்சு" என்றாள்,
மாவுப் பாத்திரத்தைத் திறந்தவள்போல.

அன்றிரவு சுடர் அணைந்தது.
நகரி பக்கமிருந்து வரும் லாரிக்காரர்கள்
அந்த நீலத்தைப் பார்த்துத்தான்
பள்ளிப்பட்டு நெருங்கியதென்று
கியரைக் குறைப்பார்கள்.
உள்ளே கோடி கோடியாய்ச் செத்தவற்றைக்
கண்ணால் கண்டவர் யாருமில்லை.
சங்கு
எட்டு மணிக்கு வழக்கம்போல் ஊதியது.

சுண்ணாம்பு கரைத்து ஊற்றினோம்.
காமாலைக்காரனுக்கு மோர்க்கஞ்சிபோல
வாளிக்கணக்கில் தீனி.
புதிதாக உயிர் விட
சாணி வேண்டும், நிறைய வேண்டும்.
எங்கள் பக்கம் மாடுகள் குறைந்துவிட்டன.
எல்லைக்கு அப்பால்
முனெம்மாவிடம் ஆள் அனுப்பினோம்.

பன்னிரண்டு நடை டிராக்டர்.
பன்னிரண்டு நடையும் செக்போஸ்டில்
இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள்,
அடியில் செம்மரம் இருக்கும் என்று.
"துங்கலு ஏமைனா உன்னாயா?"
"உன்னாயி சாமி, ஆவு தினேசிந்தி."
கட்டைகள் இருக்கின்றன,
மாடு தின்றுவிட்டது.
கம்பியைத் துடைக்க
அவளிடமே வைக்கோல் வாங்கினார்களாம்.

அந்த நாட்களில்
திருத்தணி பஸ்ஸில் என் பக்கத்து சீட்
எப்போதும் காலி.
அழுகிய முட்டையும் வெல்லமும் கலந்த வாடை
சோப்புக்கு மசியாது.
கண்டக்டர் கைநீட்டிச் சில்லறை வாங்குவார்,
முகம் ஜன்னல் பக்கம்.

நடுச்சாமத்தில் காவல் இருக்கையில்
கணக்குப் போடுவேன்.
சாறு சர்க்கரையாகிப் போனது.
சக்கை பாய்லருக்குப் போனது.
கழிவுப்பாகை டேங்கர் வந்து எடுத்துப் போனது.
மிஞ்சிய மண்டியிலும்
காற்றைப் பிழிகிறோம்.
எங்கள் இரண்டு ஏக்கர் கரும்புக்கு
போன வருடப் பணம் மட்டும்
இத்தனையில் எதிலும் ஊறி வரவில்லை.

பத்தொன்பதாம் நாள்
மீட்டர் முள் அசைந்தது.
முதலில் என் கண் என்று நினைத்தேன்.
லேத்துப் பட்டறைச் சுருள்கள் அடைத்த
பெட்டி வழியே வாயுவை விட்டு
உயரத்துக் குழாயில் பொருத்தினோம்.
ஹேமாவதி கைதட்டவில்லை.
"மெதுவா" என்றாள்,
"இனிமே மெதுவாத்தான்."

பணம் கேட்டு முனெம்மா வந்தது
உச்சி வெயிலில்.
எம் பேடையை என்ன செஞ்சீங்க, காட்டு என்றாள்.
குழாய் முனையைக் காட்டினேன்.
நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.
வெறும் வானம்.
அங்கே மட்டும் அது
கொஞ்சம் நெளிந்தது.
"ஏமீ லேது கதா?"

ஒன்றுமில்லை என்று எப்படி விடுவது.
நீளக் கொம்பின் நுனியில்
காய்ந்த கரும்புத் தோகையைக் கட்டி
மேலே நீட்டினேன்.
எதையும் தொடாதது போலிருந்த தோகை
குப்பென்று பற்றியது.

சிரித்தாள், ஒரு நொடி.
பிறகு முந்தானையிலிருந்து
பன்னிரண்டு துண்டுச்சீட்டுகளை எடுத்தாள்.
வாங்கிக்கொண்டு போய்க்
கரும்புப் பாக்கி பைலுக்குள்,
என் அண்ணன் பெயர் இருக்கும் பக்கத்துக்குப் பின்னால்
செருகினேன்.
வேறு பைல் அங்கே இல்லை.

வெளியே வந்தபோதும் அவள் நின்றிருந்தாள்.
தோகைச் சாம்பல்
அவள் தோளில் இறங்கியிருந்தது.
தட்டிவிடவில்லை.
"எப்புடு?" என்றாள்.