எடை நிற்கும் வரை

போன வருஷம் தையில் விழுந்த சில்வர் ஓக்
எஸ்டேட் ஓரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தது.
அறுத்துப் பார்த்தால் உள்ளே கருங்கோடுகள்.
பூஞ்சை தன் நிலங்களுக்கு
ஒவ்வொன்றாகப் பட்டா போட்டு வைத்திருந்தது.
விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரிப் பொடியும்.
பொடியும் இடங்கள்தான் அழகு.

பன்னிரண்டு துண்டு, கத்திப்பிடி அளவுக்கு
ஒரு விரற்கடை கூட விட்டு அறுத்தேன்.
அடுப்புக்கு மேலே பரணில் பதினோரு மாதம் காயவைத்து
கோத்தகிரி கூரியரில் கொடுத்தேன்.
படிவத்தில் பொருள்: மரம்.
எடை: ஒரு கிலோ நூறு.

மூன்றாம் நாள் கணபதியிலிருந்து ரெஜினால்டு போன்.
"அக்கா, இது காயல."
"பதினோரு மாசம்."
"உங்க ஊர்ல காயறதுக்குப் பேரு காயறதே இல்லக்கா.
பதினாறு சதம் ஈரம்."

உண்மைதான்.
உப்பு ஜாடிக்குள் கண்ணீர் விடுகிற ஊர்.

அவன் அடுப்பில் வைத்தான், நூற்றைந்து டிகிரி.
எடுத்து நிறுத்தான். வைத்தான். மறுபடி நிறுத்தான்.
எடை குறைவது நிற்கும் வரை
எதுவும் காய்ந்ததாகாது, அவ்வளவுதான் சட்டம்.
எனக்கும் ஒரு வருஷம் அப்படிப் போயிருக்கிறது.
அதை இங்கே எழுதவில்லை.

இரவு வாட்ஸப்பில் ஒரு வீடியோ.
கண்ணாடி ஜாடி, வெளிறிய தேன் நிறத்தில் பிசின்,
மேலே இரும்புக் கனம் வைத்து அமுக்கிய என் துண்டுகள்.
பம்ப் ஓடுகிறது.
மரத்திலிருந்து குமிழ், குமிழ், குமிழ்,
சோடா உடைத்த மாதிரி, பதினெட்டு மணி நேரம்.
பாதி மேகமான கோத்தகிரிக் காற்று
கணபதியில், ஒரு மோட்டார் கம்பெனிக்குப் பின்னால்,
நுரைத்து வெளியேறிக்கொண்டிருந்தது.

இழுக்கும்போதே பிசின் உள்ளே போகும்
என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம்.
குமிழ் அடங்கிய பின் பம்ப்பை அணைத்து
காற்றைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் குடிக்கும்.
"காலி பண்ணும்போது இல்லக்கா, விடும்போது."
தூங்கப் போனவள் எழுந்து
காலண்டரில் கியாஸ் புக் செய்த தேதிக்குப் பக்கத்தில்
எழுதி வைத்தேன்.

பிறகு அலுமினியத் தாள், மறுபடி அடுப்பு,
பொங்கி இறுகிய பிசினைச் சுரண்டும் வேலை.
பெட்டி வந்தது. ஒரு துண்டு வெடித்திருந்தது.
அதையும் அனுப்பியிருந்தான், கணக்குக்காக.
எடை: இரண்டு கிலோ சொச்சம்.
குஞ்சப்பனை வளைவுகளில் இறங்கி
பனியன் கம்பெனிக்குப் போன எங்கள் பிள்ளைகளில்
ஒருத்தரும் இப்படிக் கனத்துத் திரும்பியதில்லை.
பில்லில் பொருள்: பிளாஸ்டிக்.

வாளித் தண்ணீரில் போட்டேன். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.
அறுத்த தூளில் மரவாசம் இல்லை,
பல் டாக்டர் அறையின் வாசம்.
ஆனால் மெருகு ஏறியதும் அந்தக் கருங்கோடுகள்
பட்டா மாறாமல் அப்படியே,
இப்போதுதான் நனைந்தது போல.
அழுகலை அதன் வேலைக்கு நடுவில்
கையும் களவுமாகப் பிடித்து நிறுத்தியிருந்தோம்.

முதல் கத்தி கறிக்கடை ஹயாத் பாய்க்கு.
எப்போதும் ஈரக்கை. வருஷம் ஒரு பிடி
ஊதி வெடிக்கும் அவரிடம்.
"என்ன மரம்?"
"சில்வர் ஓக்."
"சும்மா சொல்லாதீங்க. அதுல பெட்டிதான் அடிப்பாங்க."

ஐப்பசி முழுக்க வெட்டினார். வெந்நீரில் கழுவினார்.
ஒரு ராத்திரி மழையில் கட்டை மேலேயே மறந்துவிட்டுப் போனார்.
காலையில் ஓடிப் போய்ப் பார்த்தேன்.
இரும்பும் பிடியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினேன்.
மயிரளவும் அசையவில்லை.

"குறை ஒண்ணுமில்ல" என்றார்.
எலும்பு ஒன்றை வெட்டி முடித்துவிட்டுச் சொன்னார்:
"விடியக்காலம் புடிச்சா சில்லுனு இருக்கு.
பழசு சீக்கிரம் கைக்கு வந்துடும்."

வீட்டுக்கு வந்தேன்.
கதவு மழையில் ஊதிச் சட்டத்தோடு சிக்கியிருந்தது.
தோளால் இடித்தேன், இரண்டு தரம்.
மூன்றாவதற்கு
வழி விட்டது.